மகாஸ்ரீயின் படிவம்

ஜூன் 8, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி. ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்து எழுதலாம் என்று ஏன் தோன்றியதோ தெரியவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லாதவள் எதிலாவது பேசித்தானே ஆக வேண்டும்.

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி எங்கள் பக்கத்துக்கும் வந்துவிட்டது. பதினான்கு வயது நிரம்பி, பதினைந்தாவது பிறந்தநாள் வராத பெண்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஊசி. பெற்றவர் கையெழுத்துப் போட்ட படிவம் இல்லாமல் போடக்கூடாது. கருங்காட்டூர் கிராம நர்ஸ் நான் என்பதால் முப்பத்தொரு பிள்ளைகளின் பட்டியலை என் கையில் கொடுத்தார்கள். ஜூலை 3 அன்று பள்ளிக்கூடத்தில் முகாம். விட்டுப்போனவர்களுக்கு ஜூலை 10. அதற்குப் பிறகு ஊசிப் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

டாக்டரம்மா வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. "ஜெயக்கொடி சிஸ்டர், இருபத்திரண்டு வருஷமா இதே ஊர்ல இருக்கீங்க. உங்க பேச்சைத் தட்டமாட்டாங்க" என்றார். ஆமாம், தட்டமாட்டார்கள். சத்து மாத்திரையைக் கையில் வாங்கி, என் கண் முன்னாலேயே கோழிக்கு எறிகிற ஜனம் இது.

பட்டியலில் பதினேழாவது பெயர் மகாஸ்ரீ, தகப்பனார் பெயர் லிங்கதுரை. என் அண்ணன் மகள். ஜூலை 12 அன்று பதினைந்தாவது பிறந்தநாள். கடைசி முகாமுக்கு இரண்டு நாள் தள்ளி வருகிறது, தப்பித்தாள். அண்ணனிடம் கையெழுத்து வாங்குவது ஐந்து நிமிட வேலை.

ஜூன் 10, புதன்

தீப்பெட்டி ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பேசினேன். ஆபீஸ் என்று பெயர்தான், கம்பெனி ஷெட். இருபது பெண்கள் குச்சி அடுக்கிய கையோடு சுற்றி உட்கார்ந்தார்கள். பதினைந்து நிமிடம் விளக்கினேன். யாருக்கும் இந்த நோயின் பேர்கூடத் தெரியாது. மார்பில் வருவது தெரியும், வாயில் வருவது தெரியும், இது தெரியாது. தெரியாது என்பதைவிட, வாயால் சொல்லக்கூடாத இடம்.

முத்துக்கிளிக்கு வாய் அதிகம். அவள் மகளும் என் பட்டியலில் இருக்கிறாள். "வயசுக்கு வந்த பிள்ளைக்கு இது என்னத்துக்கு நர்சம்மா? நாளைக்குப் புள்ள தங்காமப் போனா நீங்களா வந்து பதில் சொல்லுவீய?" என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன்.

"அந்த நோவு எப்படி வருதுன்னு சொன்னீய? ஆம்பள மூலமாவா? அப்ப நல்லபடியா இருக்கிற பிள்ளைக்கு ஏன் வரப்போவுது? ஊசி போட்டா, இவ எங்கயோ போகப்போறான்னு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரில்லா ஆவும்?"

கல்யாணம் செய்து, ஒரே புருஷனோடு ஒழுங்காக இருக்கிற பெண்ணுக்கும் வரும், கிருமி சத்தமில்லாமல் பல வருடம் உள்ளே கிடக்கும் என்றேன். யாரும் நம்பவில்லை. பேசியவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டிருந்தபோது முத்துக்கிளி எட்டிப் பார்த்து, "என்ன எழுதுதீய?" என்று கேட்டாள். பேனா கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. சிரித்தார்கள்.

ஜூன் 12, வெள்ளி

அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்தேன். மகா சாயங்காலம் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். தன் அம்மா போட்ட மாதிரியே காலையும் மாலையும் தவறாமல் போடுகிறாள். சாம்பிராணிப் புகை எனக்கு ஆகாது. இருமல் வரும்.

மதினி, மகாவின் அம்மா, இறந்துபோய் இரண்டு வருடமும் ஐந்து மாதமும் ஆகிறது. புஷ்பகனி என்று பெயர். வயிற்றுக் கட்டி.

படிவத்தை அண்ணன் வாங்கிப் படித்தார். முதல் வரியைப் படித்ததுமே மடித்து என் கையில் கொடுத்தார். "வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். தன் மாவு மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிடிவாதம் எங்கள் வீட்டுச் சொத்து, பங்கு பிரிக்காமலே ஆளுக்கு முழுதாகக் கிடைத்தது.

ஜூன் 15, திங்கள்

ஒன்பது கையெழுத்து. பிள்ளையைப் பெற்ற அம்மாமார் படிவத்தை வாங்கி, "அவிய வரட்டும், கேட்டுச் சொல்லுதேன்" என்கிறார்கள். புருஷன்மாரைக் கேட்டால் "பொம்பள சமாச்சாரம், அவகிட்டக் கேளுங்க" என்கிறார்கள். நடுவில் நான் பந்து.

ஜூன் 18, வியாழன்

பள்ளியில் பெற்றோர் கூட்டம். தலைமை ஆசிரியை சகாயமேரி டீச்சர் நல்லவர். எனக்காகப் பத்து மணிக் கூட்டத்தை ஒன்பதரைக்கே தொடங்கினார். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்.

முத்துக்கிளி எழுந்தாள். டாக்டரம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "நர்சம்மா அண்ணன் மக இதே ஸ்கூல்தான். அந்தப் பிள்ளைக்கு அவிய வீட்ல கையெழுத்துப் போட்டாச்சா?"

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

"போடுவாவ" என்றேன்.

"அப்ப மொதல்ல அங்க போடட்டும். நாங்க பின்னால போட்டுக்கிடுதோம்."

நியாயம்தான். வாங்கி வைத்திருந்த படிவங்களில் மூன்றைத் திரும்பக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கும்போது டாக்டரம்மா, "உங்க அண்ணன் மனைவி எதுல இறந்தாங்க சிஸ்டர்?" என்று சாதாரணமாகக் கேட்டார். வயிற்றில் கட்டி என்றேன். தலையாட்டினார்.

ஜூன் 21, ஞாயிறு

இன்று மில்லில் நடந்ததை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்து, துணி துவைத்து, குடத்தைத் தேய்த்து, கொசுவலையைக்கூடத் தைத்துவிட்டேன். வேலை எதுவும் மிச்சம் இல்லை.

மிளகாய்த்தூள் அரைக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கூட்டம். மகா கல்லாப்பெட்டி அருகே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற பெண்களுக்கு ஊசிதான் பேச்சு. கிழக்குத் தெருவில் இருந்து வந்த ஒருத்தி, "நர்சம்மா கேட்டாச் சங்கடப்படுவாவ, ஆனா சொல்லுதேன். அந்த எடத்துல அந்தச் சீக்கு ஒருத்திக்கு வந்திருக்குன்னா, அவ ஒழுங்கா இருந்திருப்பாளா?" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மகா புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுக்குத் தெரியாது. மதுரையில் பெரிய டாக்டர் சொன்னதும், கதிர் சிகிச்சை வைத்ததும், எதுவும் தெரியாது. வயிற்றுக் கட்டி என்றுதான் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னோம்.

வயிற்றுக் கட்டி என்று இந்த டைரியிலும் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில்கூட என் கை பொய்தான் எழுதுகிறது.

அண்ணன் மிளகாயை மெஷினில் கொட்டினார். சத்தம் எழுந்தது. எல்லாருக்கும் தும்மல், எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். அவருக்கும்தான். அந்தச் சத்தத்துக்குள் மதினி என் காதோரத்தில், "ஏ ஜெயா, வாயத் தொறக்க மாட்டியா?" என்று கேட்டாள். மதினி அப்படித்தான் இரண்டு வருடமாக வருகிறாள். கூட்டத்தில் வருவாள். வெயிலில் வருவாள். தனியாக இருக்கும்போது வரவே மாட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 22, திங்கள்

கர்ப்பிணிகள் நாள். ஏழு பேர். இரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் கோளாறு.

ஜூன் 26, வெள்ளி

அண்ணன் தானாகவே என் குவாட்டர்ஸுக்கு வந்தார். மதினி போனபின் இங்கே வந்ததே இல்லை. டீ போட்டேன். குடிக்காமல் டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"மகா கேக்கா. கூட்டாளிப் பிள்ளைக்குப் போடுதாவளாம், எனக்கு ஏன் வேண்டாம்ங்கீங்கன்னு கேக்கா. என்னத்தச் சொல்ல?"

"கையெழுத்துப் போட்டுட்டாக் கேக்கமாட்டா."

"போட முடியலட்டி. மதுரைல அந்த டாக்டர் என்னையத் தனியாக் கூப்ட்டுச் சொன்னாரு. ஆம்பளகிட்ட இருந்துதான் அந்தக் கிருமி போவும்னு. நான் பன்னெண்டு வருஷம் லாரி ஓட்டுனவன். குஜராத், மகாராஷ்டிரா. அது எல்லாம் ஒனக்குச் சொல்லிக்கிட்டிருக்க முடியாது. நான்தான் கொண்டாந்து குடுத்துருக்கேன் ஜெயா. நான்தான் அவளக் கொன்னேன். அந்தப் படிவத்துல அந்த நோவு பேரு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ நான் எப்படிட்டிக் கையெழுத்துப் போடுவேன்?"

ஐம்பத்திரண்டு வயது மனிதர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கிருமி ஊரில் பாதிப்பேருக்கு வந்து தானே போய்விடுகிற ஒன்று, எங்கே யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, வந்தவளெல்லாம் சாகவும் இல்லை, நேரத்தில் பார்த்தால் சின்ன வைத்தியத்தில் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்க வேண்டும். இதைத்தானே மூன்று வாரமாக வீடு வீடாகச் சொல்கிறேன். "நேரத்தில் பார்த்தால்" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

"அழாதீங்கண்ணே" என்றேன். அவ்வளவுதான். டீ ஆறிப்போனதை எடுத்துக் கொட்டினேன்.

அவருக்கு ஏற்கனவே ஒரு பாரம், அதில் என் பாரத்தையும் ஏன் ஏற்ற வேண்டும். அதனால்தான் சொல்லவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

நேற்று முன்தினம் எழுதிய கடைசி வரி பொய்.

ஜூலை 1, புதன்

மகா என்னைப் பள்ளியில் பிடித்துக்கொண்டாள். கோகோ ஆடிவிட்டு வியர்வையோடு வந்தாள். "அத்தை, ஒரு விஷயம் கேக்கட்டா? அம்மாவுக்கு வந்தது வயித்துல இல்லைல்ல?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்பாவும் நீங்களும் அந்தப் பேப்பரப் பாத்து முழிக்கிற முழியப் பாத்தாத் தெரியாதா?" பிள்ளைக்கு மதினியின் கண், என் வாய். "அப்ப அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?"

"ஊசி போட்டுக்கிட்டா ரொம்ப ரொம்பப் பாதுகாப்பு. பெரியவளானதும் பரிசோதனையும் பண்ணிக்கிடணும்."

"அம்மா பண்ணிக்கிட்டாளா?"

மணி அடித்தது. வகுப்புக்கு ஓடு என்றேன்.

ஜூலை 3, வெள்ளி

முகாம். முப்பத்தொன்றில் ஆறு பேர். மகா வரவில்லை. மற்ற பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மீதி ஊசியைக் குளிர்ப்பெட்டியோடு திருப்பி அனுப்பினேன். "பரவால்ல சிஸ்டர், பத்தாம் தேதி பாத்துக்கலாம்" என்று டாக்டரம்மா சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 7, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதம். முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களுக்கும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்து, மாதக் கடைசிக்குள் என் கிராமப் பதிவேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். ஊர் முழுவதையும் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனேன். திட்டு வாங்கினேன், கெஞ்சினேன். கடைசியில் மிஞ்சியது இரண்டு பெயர். மதினி, நான்.

மதினியைக் கூப்பிட்டேன். "ஏ ஜெயா, அங்க பாக்குறது ஒங்கூட வேல செய்யுத நர்சுங்கதான? நாளைக்கு மகா சடங்குக்கு அவளுவளுக்குத்தான் நாம மொதப் பந்தியில எலை போடணும். என் காலக் கவட்டிய எல்லாம் பாத்தவளுக்கு நான் எப்படிட்டிச் சோறு வைப்பேன்? நீ எழுதிக்கோ" என்றாள். எனக்கும் அதே கூச்சம்தான். கூட வேலை பார்க்கிறவளின் முன்னால் நான் படுப்பதா? ஊரெல்லாம் வெட்கத்தை விடு என்று சொன்னவளுக்குத் தன் வீட்டு வெட்கம் பெரிதாக இருந்தது. ஒரே மையில் இரண்டு வரி எழுதினேன். புஷ்பகனி, வயது 41, பார்த்தது, நார்மல். ஜெயக்கொடி, வயது 42, பார்த்தது, நார்மல்.

இதோடு நின்றிருந்தால்கூட ஆறியிருக்கும். அடுத்த வருடம் மதினிக்கு இரத்தப்போக்கு. மாதவிலக்கு நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு மாதம் நாங்களே சொல்லிக்கொண்டோம். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அப்போது இருந்த டாக்டர், முன்னால் ஏதும் பரிசோதனை செய்ததுண்டா என்று கேட்டு என் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். "போன வருஷம்தானே பாத்திருக்கு, நார்மல்னு இருக்கே" என்று சத்தமாகப் படித்தார். மதினி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் இரத்தம் நிற்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையில் எட்டு மாதம் போயிற்று. மதுரைக்குப் போனபோது முற்றிவிட்டது.

அந்த எட்டு மாதத்தின் கடைசியில்தான் வாடை வர ஆரம்பித்தது. அதை மறைக்கத்தான் மதினி காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள். ஊரில் பக்தி கூடிவிட்டது என்றார்கள். அந்தப் பிள்ளை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறது.

அன்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரியாமலும் போயிருக்கலாம். இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் இரண்டு வருடமாக மூன்று வேளையும் விழுங்குகிறேன்.

ஐந்து நாளில் மகாவுக்குப் பதினைந்து. அண்ணன் தன்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை கையெழுத்துப் போடமாட்டார். அவர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும் வரை எனக்குப் பயமில்லை. இதுதான் உண்மை, எழுதிவிட்டேன்.

ஜூலை 8, புதன்

இன்று மாதாந்திர மின்தடை, காலை ஒன்பதில் இருந்து. மில் ஓடாது, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன். அண்ணன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அமைதியாக அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை.

நின்றுகொண்டே சொன்னேன். முதலில் கிருமியைப் பற்றி, அவர்மேல் பழி இல்லை என்பதை. அப்புறம் பதிவேட்டை. அப்புறம் மாத்திரையை. மதினி சொன்னதைச் சொல்லவில்லை, அவள்மேல் போட்டுத் தப்பிக்கிற மாதிரி இருக்கும். எழுதியது நான்.

அண்ணன் துணியைக் கீழே வைத்தார். "நார்மல்னா எழுதுன?"

"ஆமாண்ணே."

"ஒன் கைப்பட?"

"ஆமா."

"ரெண்டு வருஷமா நான் அவ படத்துக்கு முன்னால போய் நிக்கிறதில்ல, தெரியுமாட்டி ஒனக்கு? பிள்ள வெளக்குப் பொருத்தும்போது நான் வாசலுக்குப் போயிருவேன். பன்னெண்டு நாளைக்கு முன்ன ஒன் வீட்ல ஒக்காந்து அழுதேன். அப்பவும் நீ பாத்துக்கிட்டு நின்ன." அவர் குரல் உயரவே இல்லை. அடித்திருக்கலாம்.

"படிவத்தக் குடு."

கொடுத்தேன். மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டார். "ஊசிய நீ போடக்கூடாது. வேற யாராவது போடட்டும். ஒங்கை எம்பிள்ள மேல படக்கூடாது."

"சரிண்ணே."

வாசல்படி இறங்கும்போது கூப்பிட்டார். திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ரெண்டாவது பேரு ஒன் பேருன்னு சொன்னியே. அதுக்கப்புறமாவது நீ பாத்துக்கிட்டியா?"

குனிந்து செருப்பை மாட்டினேன். அவருக்கு அது புரிந்துவிட்டது.

ஜூலை 9, வியாழன்

பக்கத்து ஊர் சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். பார்த்த நர்ஸ் எனக்கு ஜூனியர். கூச்சம் இரண்டு நிமிடம்தான் இருந்தது. இரண்டு நிமிடம். வரும் வழியில் பஸ்ஸில் வாய்விட்டு அழுதுவிட்டேன். கண்டக்டர் யாரும் தவறிட்டாங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூலை 10, வெள்ளி

முகாமுக்குப் பத்து பேர் வந்தாலே அதிகம் என்று நினைத்துப் போனேன். பள்ளி வராந்தாவில் பெண்கள் மகள்களோடு நின்றார்கள். முத்துக்கிளி முதல் ஆளாக நின்றாள். தீப்பெட்டி ஆபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"ஒங்க அண்ணன் நேத்து மில்லுல வச்சி எல்லார்கிட்டயும் சொல்லிட்டாவ நர்சம்மா. எம் பொண்டாட்டி செத்தது அந்த நோவுலதான், அவள விட ஒழுக்கமானவ இந்த ஊர்ல எவ இருக்கான்னு கேட்டாவ. நாங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. புஷ்பகனியக்கா எனக்கு எத்தன நாளு மாவு சலிச்சுக் குடுத்திருக்கா தெரியுமா." கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த வார்த்தைக்காக நின்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. என்னைப் பற்றி அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

ஊசியை டாக்டரம்மா அனுப்பிய வேறு நர்ஸ் போட்டார். நான் படிவம் சரிபார்த்து, போட்ட பிள்ளைகளை அரைமணி நேரம் உட்கார வைத்துக் கவனிக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். மயக்கம் வருகிறதா, அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்தே முக்காலுக்கு மகா கையை நீட்டினாள். முகத்தைச் சுளிக்கவில்லை. வந்து எனக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. ஒங்க மேல கோவமா இருக்கேன். அரைமணி ஒக்காரணும்னு அவங்க சொன்னதால ஒக்காந்திருக்கேன்."

"அப்பா சொன்னாவளா?"

"எனக்கு மட்டும்."

பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து வகுப்புக்குப் போயின. நான் நேரத்தைக் குறித்தேன். மகா பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். கோகோ ஆடும்போது குந்தியிருக்கிற பிள்ளை எழுந்து ஓடத் தயாராக இருக்குமே, அந்த மாதிரி இருந்தது முகம்.

"அத்தை, அந்த டாக்டர் ரிஜிஸ்டரப் படிச்சப்போ அம்மாவும் அங்கனதான இருந்தா?"

"இருந்தா."

"அவ காதுலயும் விழுந்திருக்கும்ல?"

"விழுந்துச்சு."

"அம்மாவுக்குத்தான் தெரியுமே, தான் பாத்துக்கிடவே இல்லைன்னு. அப்ப அம்மா ஏன் சொல்லல?"

நேற்று முன்தினம் அண்ணன் கேட்காதது. செவ்வாய்க்கிழமை, யாரும் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று எழுதியபோதும் நான் எழுதாதது. டாக்டர் படித்து முடித்ததும் மதினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மெல்லக் கண்ணை மூடித் திறந்தாள், போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி. பிறகு டாக்டரிடம் திரும்பி, "ஆமா சார், பாத்தாவ" என்றாள்.

"எனக்காக மகா. உண்மையச் சொன்னா அத்தைக்கு வேல போயிரும்னு, டாக்டர்ட்ட ஆமான்னு சொல்லிட்டா."

மகா எழுந்தாள். மணி பதினொன்று ஐந்து, இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. வகுப்புக்குப் போகவில்லை. வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் போக எனக்கு அனுமதி இல்லை. அந்தப் பத்து நிமிடமும் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.